மொர்கோன் குன்றிலிருந்து ஒரு புட்டி: ழான் ஃபுவாயாரின் ‘கோட் து பி’ 2021

புட்டியைத் திறந்த முதல் கால் மணி நேரத்தில் இந்த ஒயினைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. கார்க்கை இழுத்ததும், அப்போதுதான் அணைத்த தீக்குச்சியின் வாடை இலேசாக எழுந்தது. காற்றுப் படாமல் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடக்கும் சிவப்பு ஒயினுக்கு இது இயல்புதான் என்பதால், கோப்பையை நாலைந்து முறை சுழற்றிவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிடங்களில் அந்த வாடை விலகி, அதன் பின்னாலிருந்து புளிப்புச் செர்ரியும், ராஸ்பெர்ரியும், மழையில் நனைந்த கருங்கல்லை நினைவூட்டும் குளிர்ந்த மணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிறத்தில் அடர்த்தி கிடையாது. கோப்பையைச் சாய்த்துச் செய்தித்தாளின் மேல் பிடித்தால் ஒயினின் ஊடாகத் தலைப்பெழுத்துகளைப் படித்துவிடலாம். ஓரங்களில் மாதுளை முத்தின் சிவப்பும், வடிகட்டாமல் அடைத்த ஒயினுக்கே உரிய மெல்லிய மங்கலும் தெரிகின்றன. சிவப்பு ஒயின் என்றால் மையைப் போலக் கறுத்து, நாக்கில் கனமாகப் படிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்திலேயே ஏமாற்றமடையக்கூடும்.

ஃபிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே, ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில், வில்லியே-மொர்கோன் என்ற ஊரும் அதைச் சுற்றிய மொர்கோன் திராட்சை நிலங்களும் இருக்கின்றன. பொஜோலே பகுதியில் தம் சொந்தப் பெயரிலேயே ஒயினை விற்கும் தகுதி பெற்ற பத்து இடங்களில் மொர்கோனும் ஒன்று. அந்த மொர்கோனுக்குள்ளும், 352 மீட்டர் உயரத்துக்கு எழும் ‘கோட் து பி’ என்ற குன்றுச் சரிவுக்குத் தனி மதிப்பு உண்டு. வட பொஜோலேயின் பெரும்பகுதி கிரானைட் மணல் என்றால், இந்தக் குன்றில் நீலம் பாய்ந்த பழைய எரிமலைப் பாறை உள்ளது. இரும்பும் மாங்கனீசும் கலந்த அந்தப் பாறை வெயிலிலும் மழையிலும் பொடிந்து மண்ணாகிக்கொண்டே இருப்பதால், உள்ளூர்க்காரர்கள் அதை ‘மக்கிய பாறை’ என்ற பொருள்படும் பெயராலேயே அழைக்கிறார்கள். பயிராவது கமே என்ற ஒரே திராட்சை வகை.

‘ஒரே தோட்டத்து ஒயின்’ என்ற விளம்பரச் சொல்லைப் பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. கோட் து பி ஒருவருக்குச் சொந்தமான, சுவர் எழுப்பிய தோட்டம் அன்று. பல குடும்பங்கள் பங்கு போட்டு வைத்திருக்கும் ஒரு குன்று. ஆகவே புட்டியின் மேல் ‘கோட் து பி’ என்று எழுதியிருப்பது, பழம் எந்தச் சரிவிலிருந்து வந்தது என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. அதை எப்படி ஒயினாக்கினார்கள் என்பதை அறிய, அதற்குக் கீழே உள்ள பெயரைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் விளைந்த பழத்திலிருந்து, ஒருவர் நீண்டநாள் நிற்கும் ஒயினையும் மற்றொருவர் ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும் ஒயினையும் வடிப்பது அங்கே வாடிக்கை. இந்தப் புட்டியை அடைத்த ஃபுவாயார் குடும்பத்தினர் இதே குன்றின் மூத்த கொடிகளிலிருந்து, நல்ல ஆண்டுகளில் மட்டும், ‘3.14’ என்ற பெயரில் இன்னொரு ஒயினையும் எடுக்கிறார்கள். குன்றின் பெயரும் கணிதத்தின் ‘பை’க்குப் பிரெஞ்சுக்காரர்கள் வழங்கும் உச்சரிப்பும் ஒன்றே என்பதால் பிறந்த சிலேடை அது. அதன் விலை என் சட்டைப்பைக்கு எட்டாதது.

கமேவுக்கு வரலாற்றில் நல்ல பெயர் கிடையாது. பொஜோலேவுக்கு வடக்கே உள்ள பர்கண்டியின் கோமகனாக இருந்த பிலிப், 1395-இல் ஆணை பிறப்பித்து, இதைத் துரோகக் கொடி என்று ஏசி, தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொன்னார். தெற்கே ஒதுங்கிய கமே, சுண்ணாம்பு மண்ணில் காட்டாத நற்குணத்தை இந்தக் கிரானைட் நிலத்தில் காட்டியது. பிறகு வந்த கேடு கொடியால் வந்ததன்று. நவம்பர் மாதத்து மூன்றாம் வியாழக்கிழமையன்று உலகமெங்கும் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வரும் ‘புது பொஜோலே’, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் வணிகமாக வளர்ந்தபோது, அறுவடைக்கும் கடைக்கும் இடையே சில வாரங்களே இருந்ததால், எல்லாவற்றையும் விரைவுபடுத்த வேண்டியதாயிற்று: தேர்ந்தெடுத்து விற்கப்படும் ஈஸ்ட், மது வீரியத்தை ஏற்றச் சர்க்கரை, கெடாமலிருக்கக் கந்தகம், தெளிவுக்குக் கடும் வடிகட்டல். பொஜோலே என்றதும் பலருக்கு வாழைப்பழ மிட்டாய் வாசனை நினைவுக்கு வருவதற்கு அந்த ஈஸ்டுகளில் சிலவும் காரணம். அந்த வாசனையைக் கமேவின் குணமென்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

இந்த ஓட்டத்தை எதிர்த்து நின்றவர்களுக்குப் பின்னணியில் இருந்தவர் ழுல் ஷோவே. 1907-இல் பிறந்து 1989-இல் மறைந்த அவர், ஒயின் வணிகர்; அதே நேரத்தில் வேதியியல் அறிந்தவர். கந்தகம் சேர்க்காமலும் வெளி ஈஸ்டு கலக்காமலும் கெட்டுப்போகாத ஒயினை எடுக்க முடியுமா என்பதை நுண்ணோக்கியும் சோதனைக் குழாயுமாக ஆராய்ந்தவர். 1980-களின் தொடக்கத்தில் மார்செல் லாப்பியேர் அவரிடம் கற்றுக்கொண்டதை மொர்கோனில் செய்துகாட்ட, ழான் ஃபுவாயார், கீ பிரெத்தோன், ழான்-போல் தெவனே ஆகிய மூவரும் அதே வழியில் சேர்ந்துகொண்டனர். அமெரிக்க இறக்குமதியாளர் கெர்மிட் லிஞ்ச் இவர்களுக்கு ‘நால்வர் கும்பல்’ என்று பெயர் சூட்டினார். நால்வர் என்றால் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் வேறு. ஆனாலும் மொர்கோனில் இந்த நால்வருக்கும் கிட்டத்தட்ட அத்தகைய மரியாதை உண்டு. லாப்பியேர் 2010-இல் காலமானார். ஃபுவாயார் 1980-களின் தொடக்கத்தில் தந்தையிடமிருந்து பெற்ற தோட்டத்தைத் தம் மனைவியோடு சேர்ந்து வளர்த்தவர். அடுத்த தலைமுறையும் இப்போது அதே தொழிலில் இருக்கிறது.

எதையும் சேர்க்காமல், எதையும் நீக்காமல் ஒயின் எடுப்பது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, நமக்குப் பனைமரத்தடி போதும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர்; தடவாமல் கட்டினால் காற்றிலும் பாளையிலும் இருக்கும் நுண்ணுயிர்களே வேலையைத் தொடங்கிவிட, பொழுது ஏறுவதற்குள் அது கள்ளாகிவிடும். யாரும் ஈஸ்டைப் பொட்டலம் வாங்கி வந்து போடுவதில்லை. சுண்ணாம்பு அங்கே செய்யும் தடுப்பு வேலையை, ஒயின் தொழிலில் கந்தகம் செய்கிறது: பழம் வந்திறங்கியதும் கந்தகத்தைத் தூவினால் தோலில் இருக்கும் இயற்கை நுண்ணுயிர்கள் பெரும்பாலும் ஒடுங்கிவிடும், பிறகு வேண்டிய ஈஸ்டைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அது பாதுகாப்பான வழி. ஆனால் அந்த நிலத்தோடு வந்த உயிர்கள் அந்த ஒயினில் எந்தப் பங்கும் பெறுவதில்லை. ஆனால் ஒப்புமை இந்த அளவோடு நிற்கிறது. கள்ளை அன்றே குடித்துவிடுகிறோம். ஒயின் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். கந்தகம் இல்லாமல் அது நிற்க வேண்டுமென்றால், அழுகல் பழம் ஒன்றுகூடத் தொட்டிக்குள் போகாதபடி கையால் பறித்துப் பொறுக்க வேண்டும். தொட்டியும் பீப்பாயும் துப்புரவாக இருக்க வேண்டும். வெப்பம் ஏறவிடாமல் காக்க வேண்டும். குறைவாகச் சேர்ப்பவர்கள் குறைவாக உழைக்கிறார்கள் என்று பொருளன்று. வேதிப்பொருள் செய்ய வேண்டிய காவலை அங்கே ஆட்கள் தூக்கம் விழித்துச் செய்கிறார்கள்.

மொர்கோன் முறையில் திராட்சையை நசுக்குவதில்லை. காம்போடு கூடிய முழுக் கொத்துகளைக் குளிரவைத்துத் தொட்டியில் அடுக்குகிறார்கள். மேலே உள்ளவற்றின் எடையால் அடியில் உள்ள பழங்கள் உடைந்து சாறு விட, அந்தச் சாறு தானாக நொதித்துக் கரியமில வாயுவை எழுப்புகிறது. வாயு தொட்டியை நிறைத்ததும், உடையாமல் இருக்கும் பழங்களுக்குள்ளே, ஈஸ்டின் துணையில்லாமல் பழத்தின் சொந்த நொதிகளாலேயே, வேறொரு நொதித்தல் நடக்கிறது. தோலிலிருந்து துவர்ப்பு அதிகம் இறங்காமல் பழ மணம் மட்டும் மிகுவதற்கு இதுவே காரணம். மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகு பிழிந்து, பர்கண்டியில் ஏற்கெனவே பயன்பட்ட பழைய மரப் பீப்பாய்களில் சில மாதங்கள் வைத்து, வடிகட்டாமல் புட்டியில் அடைக்கிறார்கள். பழைய பீப்பாய் என்பதால் புது மரத்தின் வனிலா வாசனை ஒயினில் ஏறுவதில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதி.

கந்தகமே கிடையாது என்று இத்தகைய ஒயின்களைப் பற்றிச் சிலர் சொல்வது தவறு. நொதிக்கும்போது ஈஸ்டே சிறிதளவு கந்தகச் சேர்மமான சல்ஃபைட்டை உண்டாக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே ‘சல்ஃபைட் உள்ளது’ என்று அச்சிட்டாக வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதே விதி, இனிப்பில்லாத சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு 150 மில்லிகிராம் வரையிலும், இயற்கை வேளாண் முத்திரை பெற்றதற்கு 100 மில்லிகிராம் வரையிலும் அனுமதிக்கிறது. ஃபிரான்சில் 2020-இல் ஏற்கப்பட்ட ‘இயற்கை முறை ஒயின்’ சாசனம் வரம்பை 30-க்குக் கீழே வைத்திருக்கிறது. 150-க்கும் 12-க்கும் ஒரே வாசகம் அச்சிடப்படுவதால், புட்டியின் முதுகைப் படித்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு உற்பத்தியான ஒயின்கள் தம்மில் சேர்ந்த பொருள்களைத் தெரிவித்தாக வேண்டும் என்று இப்போது சட்டம் வந்திருக்கிறது. 2021 அறுவடையான இந்தப் புட்டி அதற்கு முந்தையது. ஆகவே இதை நாக்கைக் கொண்டுதான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

நாக்கு எந்த அளவுக்குக் கறாராக இருக்க வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டு வேறொரு புட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது. தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதுவும் தலையீடற்ற ஒயின் என்று புகழப்பட்டதுதான். மணம் அருமையாக இருந்தது, முதல் மிடறும் நன்றாகவே இறங்கியது. விழுங்கிப் பத்து விநாடி சென்றபின், தொண்டையின் பின்புறத்திலிருந்து எலிக்கூண்டின் நாற்றம் ஏறி வந்து, இரவு முழுவதும் போகவே இல்லை. ஒயினின் புளிப்பில் அடங்கிக் கிடக்கும் அந்தக் குறை, உமிழ்நீரோடு கலந்து புளிப்புக் குறைந்த பிறகே ஆவியாகி மூக்குக்கு எட்டும். அதனால்தான் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடிவதில்லை. கந்தகத்தைத் தவிர்க்கும் ஒயின்களில் இது கூடுதலாக வருகிறது. கடைக்காரரிடம் சொன்னபோது, ‘உயிருள்ள ஒயின் அப்படித்தான் இருக்கும்’ என்று சமாதானம் சொன்னார். புளித்துப் போன இட்லி மாவை உயிருள்ள மாவு என்று சொல்லி யாரும் விற்க முடியாது. குறையைக் கொள்கையாக்கும் இந்தப் போக்கை நான் ஏற்கவில்லை. எனவே ஃபுவாயாரின் புட்டியைத் திறந்தபோதும், முதல் மிடறுக்குப் பிறகு ஒரு முழு நிமிடம் எதையும் உண்ணாமல், தண்ணீரும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எலி வரவில்லை. மூன்று நாள் கழித்தும் வரவில்லை.

சுவைக்கு வருகிறேன். ஒயின் மதிப்புரைகளில் துவர்ப்பைத் தரும் பொருளை ‘டேனின்’ என்று எழுதி, அதற்குப் பட்டு, வெல்வெட் என்று துணிக்கடைப் பெயர்களை அடுக்குவது வழக்கம். அறுசுவையில் துவர்ப்பை ஒரு தனிச் சுவையாகவே எண்ணி வைத்த மொழிக்கு அந்தக் கடன் வேண்டியதில்லை. வாழைப்பூத் துவர்ப்பு வேறு, கொட்டைப்பாக்குத் துவர்ப்பு வேறு, அத்திப்பிஞ்சின் துவர்ப்பு வேறு என்பது நம் நாக்குக்குத் தெரியும். இந்த ஒயினின் துவர்ப்பு, நன்றாகக் கனிந்த நாவல் பழத்தினுடையது: முதலில் சாறும் புளிப்பும் முன்னே வந்து வாயை நனைக்க, அவை இறங்கிய பிறகே கன்னங்களின் உட்புறத்தில் மெல்லிய இழுவை தோன்றுகிறது. பாக்கைப் போல நாக்கைத் தடிக்க வைப்பதில்லை. அந்த இழுவையும் அடங்கிய பின், நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் குடித்தால் வருவதைப் போன்ற ஓர் இனிமை அடிநாக்கில் தங்குகிறது. ஒயினில் சர்க்கரை இல்லை, ஆனாலும் அது தங்குகிறது. எனக்கு இந்த ஒயினில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசிக் கட்டம்தான். வேறு நல்ல மொர்கோன்களில் பழத்தின் மணம் இதற்குச் சமமாக இருந்ததுண்டு. பின்சுவை இவ்வளவு நேரம் நின்றதில்லை.

முதல் நாள் மாலையில் புளிப்பு சற்று முந்தி நின்றது. கார்க்கை மூடி நிலவறையில் வைத்துவிட்டு மறுநாள் ஊற்றியபோது, வயலட் மலரின் மணமும், காம்புகளிலிருந்து வந்திருக்கக்கூடிய பச்சை மிளகின் காரமும் தெளிவாகத் தெரிந்தன. புளிப்பும் துவர்ப்பும் ஒன்றோடொன்று இணங்கியிருந்தன. இரண்டாம் நாளே இதன் சிறந்த நாள். மூன்றாம் நாள் பழம் சற்று வாடத் தொடங்கியது. ஆனால் காடி வாடை துளியும் இல்லை. குறைந்த கந்தகத்தோடு அடைத்த ஒயின் திறந்த பின் மூன்று நாள் தாங்கியதே, அறுவடையின்போது எவ்வளவு கவனமாகப் பழம் பொறுக்கியிருப்பார்கள் என்பதற்குச் சான்று.

2021 எளிதான ஆண்டாக இருக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஃபிரான்சின் பெரும்பகுதியில் உறைபனி விழுந்து தளிர்களைக் கருக்கியது. கோடையும் குளிர்ந்து நனைந்தே கழிந்ததால் பூஞ்சை நோய் மிகுந்தது. அதற்கு முந்தைய வெப்பமான ஆண்டுகளின் கொழுத்த, மதுவீரியம் மிகுந்த மொர்கோன்களுக்குப் பழகியவர்கள் இதை மெலிந்தது என்பார்கள். அது உண்மையும்கூட, நடு நாக்கில் ஒரு சிறு வெற்றிடத்தை நானும் உணர்ந்தேன். 2020-இல் அங்கே சதை இருந்தது. ஆயினும் அந்த மெலிவினால்தான் குன்றின் கல் மணம் மறைக்கப்படாமல் வருகிறது என்பது என் எண்ணம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உணவோடு குடிப்பதற்கு இந்த ஆண்டையே எடுப்பேன்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லியோன் நகரில் ரோன், சோன், பொஜோலே என மூன்று ஆறுகள் ஓடுவதாக ஒரு சொலவடை உண்டு. அந்த ஊரின் சாசேஜும் பச்சை லெண்டில் பயறும் இதற்குப் பிறவித் துணை. வீட்டில் செய்த எண்ணெய்க் கத்தரிக்காயோடு, மிளகாயைப் பாதியாகக் குறைத்து, முயன்று பார்த்தேன். புளிக்குப் புளி ஈடுகொடுத்து நன்றாகவே சேர்ந்தது. காரம் தூக்கலான கோழி வறுவலோடு சேரவில்லை: மிளகாய்க் காரம் துவர்ப்பைக் கூட்டி, பழச் சுவையை அடித்துவிட்டது. பரிமாறும் வெப்பநிலை மட்டும் முக்கியம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பழைய உபதேசம், சூடேற்றும் கருவிகள் வருவதற்கு முந்தைய குளிர்ந்த கல் வீடுகளுக்குரியது. இதை 14 பாகை செல்சியஸில், அதாவது குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்து ஊற்ற வேண்டும். 20 பாகையில் இதன் கட்டு தளர்ந்துவிடுகிறது.

பாரிசில் ஒரு சிறு கடையில், ஒரு புட்டி நாற்பது யூரோவுக்குச் சற்றுக் குறைவாக எனக்குக் கிடைத்தது. பொஜோலே என்றாலே மலிவு என்று பழகிய ஊரில் இது கூடுதல்தான். ஆனால் இதே உழைப்பும் இதே நீடிப்பும் கொண்ட பர்கண்டி ஒயினுக்கு இரண்டு மடங்கு கேட்கிறார்கள். பத்துப் பேர் கூடும் விருந்துக்கு இதை வாங்குவது வீண். மூவர் அல்லது நால்வர் உட்கார்ந்து, ஒரு வேளைச் சாப்பாட்டை நிதானமாக முடிக்கும் நாளுக்கு உரியது. கோடையில் தபாலில் வரவழைக்கவும் வேண்டாம்; கந்தகக் காவல் குறைந்த ஒயின் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒரு பிற்பகலைக்கூடத் தாங்காது. நிலவறையோ ஒயினுக்கென்ற குளிர்பெட்டியோ இல்லாதவர்கள், வாங்கிய மாதத்திலேயே குடித்துவிடுவது நல்லது. அடியில் வண்டல் தங்குவதால் முந்தைய நாளே புட்டியை நிமிர்த்தி வைத்து, கடைசி இரண்டு விரல் அளவை ஊற்றாமல் விட்டுவிட வேண்டும். நான் விடாமல் குடித்துப் பார்த்தேன், மண்ணைக் கடித்தது போல் இருந்தது.

இந்தக் குன்றின் ஒயின் வயதாக ஆகத் தன் இளமைப் பழத்தை இழந்து, செர்ரிச் சாராயமும் உலர்ந்த மண்ணும் கலந்த வேறொரு மணத்துக்கு மாறும். அந்த மாற்றத்தைக் குறிக்க அங்கே தனி வினைச்சொல்லே இருக்கிறது. தமிழில் சொன்னால் ‘மொர்கோனிக்கிறது’ என்பார்கள். என்னிடம் இன்னும் இரண்டு புட்டிகள் உள்ளன. ஒன்றை இந்தக் குளிர்காலத்தில் திறந்துவிடுவேன். மற்றொன்றை, 2021-இன் மெலிந்த உடம்பும் மொர்கோனிக்குமா என்று பார்ப்பதற்காக, நிலவறையின் அடித்தட்டில் சுவரோரமாகப் படுக்க வைத்திருக்கிறேன்.